எல்டிபிஇ பிலிமில் ஆக்சிஜன் கரைதிறன் அளந்தால் மைனஸில் வருகிறது, எங்கே பார்ப்பது?

பிலிம்ரோல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். உணவுப் பொட்டல பிலிம்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊடுருவல் அளக்கும் மெஷின் எங்கள் லேபிலேயே இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அது தருவது ஒரே ஒரு எண். ஊடுருவுதிறன் என்பது பரவல் கெழுவையும் (வாயு பிலிமுக்குள் எவ்வளவு வேகமாக நகர்கிறது) கரைதிறனையும் (எவ்வளவு கரைகிறது) பெருக்கினால் வருவது, அந்தப் பெருக்குத்தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிலிம் ஏன் அதிகமாக வாயுவை விடுகிறது என்று சொல்ல முடியவில்லை. வாயு அதற்குள் நிறையக் கரைகிறதா, அல்லது கொஞ்சமாகக் கரைந்து வேகமாக நகர்கிறதா? அதனால் கரைதிறனைத் தனியாக அளக்கலாம் என்று இறங்கினேன்.

செட்டப் இது: இரண்டு ஸ்டீல் சேம்பர், நடுவில் ஒரு வால்வு, இரண்டிலும் பிரஷர் சென்சார். பிலிம் இருக்கிற சேம்பரை வேக்குவம் போட்டு இரவு முழுக்க விடுகிறேன். அப்புறம் பக்கத்துச் சேம்பரில் வாயுவை நிரப்பி, வால்வைத் திறந்து மூடி, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறேன். பிலிம் 50 மைக்ரான் எல்டிபிஇ (குறை அடர்த்திப் பாலித்தீன்), மொத்தம் 1 கன செமீ. பிலிம் போக சேம்பரில் மிச்சம் இருக்கும் இடம் 20 கன செமீ. கொள்ளளவை ஹீலியம் விட்டுக் கணக்கிட்டேன். லேபில் ஏசி ஓடுகிறது, 25 டிகிரி.

ஆக்சிஜன் 1 அட்மாஸ்பியரில் பார்த்தால் ஒரு நாள் சரியான எண் மாதிரி வருகிறது, இன்னொரு நாள் மைனஸ். கரைதிறன் எப்படி மைனஸில் இருக்க முடியும்? கார்பன் டை ஆக்சைடு பிளஸில்தான் வருகிறது, ஆனால் நாளுக்கு நாள் மாறுகிறது. லீக் என்று நினைத்து ஓ-ரிங் எல்லாம் மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. பாலிகார்பனேட் பிலிமையும் இதே சேம்பரில் 35 டிகிரியில், ஹீட்டிங் டேப் சுற்றி, கார்பன் டை ஆக்சைடோடு 20 அட்மாஸ்பியர் வரை பார்த்தேன். கரைவது அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்கிற ஹென்றி விதிப்படி நேர்கோடு வர வேண்டும் அல்லவா, கோடு வளைகிறது. மேலே உள்ள புள்ளிகளை விட்டுவிட்டுக் கோடு போடு என்று கைடு சொல்கிறார், மனசு ஒப்பவில்லை. எடை போட்டு அளக்கும் முறைக்கே மாறிவிடலாமா?

வெற்றிடம்:

லீக்கைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. எல்டிபிஇயில் 25 டிகிரியில் ஆக்சிஜன் கரைதிறன் 1 கன செமீ பிலிமுக்கு, ஒரு அட்மாஸ்பியருக்கு, சுமார் 0.048 கன செமீ (திட்ட வெப்ப அழுத்த நிலையில், அதாவது 0 டிகிரி, 1 அட்மாஸ்பியரில் அளந்த வாயு). 1961ல் மைக்கேல்ஸ், பிக்ஸ்லர் இருவரும் வெளியிட்ட எண் அது, இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 0.048ஐ 25 டிகிரிக்கு மாற்றினால் 0.052. உங்கள் சேம்பரில் 20 கன செமீ வாயு இருக்கிறது. ஆக, நீங்கள் தேடுகிற மாற்றம் மொத்த அழுத்தத்தில் 0.26 சதவீதம்தான்.

இப்போது வெப்பநிலைக்கு வாருங்கள். 25 டிகிரி என்பது 298 கெல்வின். அதில் 0.26 சதவீதம் என்றால் 0.8 டிகிரி. அதாவது ஏசி காற்று சேம்பர் மேல் கொஞ்சம் பட்டு, 0.8 டிகிரி மாறினாலே நீங்கள் அளக்க வந்த ஆக்சிஜன் முழுக்கக் காணாமல் போய்விடும், அல்லது இரண்டு மடங்காகத் தெரியும். அறை ஏசி கம்ப்ரசர் ஆன் ஆகி ஆஃப் ஆகும்போதே ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும். உங்கள் மைனஸ் அங்கிருந்துதான் வருகிறது.

கொள்ளளவும் அதே கதைதான். 20 கன செமீயில் 0.05 தப்பாக இருந்தால் அது 0.25 சதவீதம், மறுபடியும் ஆக்சிஜன் முழுசும் போச்சு. ஹீலியத்தைக் காலையில் விட்டு, ஆக்சிஜனை மதியம் வேறு வெப்பநிலையில் விட்டால் இந்த இரண்டு பிழையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். யானை மேல் உட்கார்ந்த கொசுவின் எடையை, யானையோடு சேர்த்து எடை போட்டுக் கண்டுபிடிக்கிற வேலை இது. முடியாத வேலை இல்லை, ஆனால் யானை அசையக் கூடாது.

செய்ய வேண்டியது: முதலில் பிலிமைக் கூட்டுங்கள். 1 கன செமீக்குப் பதில் 10 கன செமீ உள்ளே வையுங்கள். 50 மைக்ரானில் அது 2000 சதுர செமீ, மூணேகால் ஏ4 தாள் அளவு, எடை 9 கிராமுக்குச் சற்று மேல். அப்படியே சுருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் உள்ள பகுதிக்கு வாயு போகாது, அதனால் மெல்லிய ஸ்டீல் வலையை இடையில் வைத்துச் சுருட்டுங்கள். இப்போது மிச்ச இடம் 11 கன செமீ, வலை அடைக்கும் இடம் போக இன்னும் குறைவு. மாற்றம் 0.26 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 5 சதவீதத்துக்குப் போய்விடும். வேறு எதுவும் மாற்றாமலே பதினெட்டு மடங்கு.

அப்புறம் இரண்டு சேம்பரையும் வால்வோடு சேர்த்து வாட்டர் பாத்தில் முக்குங்கள். ஒரு சேம்பரை மட்டும் முக்கினால் போதாது. 0.1 டிகிரிக்குள் நின்றால் அதனால் வரும் பிழை உங்கள் புது மாற்றத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பழைய செட்டப்பில் இதே 0.1 டிகிரி 13 சதவீதப் பிழை கொடுத்திருக்கும்.

மூன்றாவது, பிளாங்க் ரன். பிலிமை எடுத்துவிட்டு அதே கன அளவுக்கு அலுமினியத் தாளைச் சுருட்டி அதே வலையோடு வைத்து, அதே ஆக்சிஜனில், அதே அழுத்தத்தில் ஒரு தடவை ஓட்டுங்கள். அலுமினியத்தில் ஆக்சிஜன் கரையாது. அங்கேயும் ஏதோ "கரைகிறது" என்று வந்தால் அது உங்கள் செட்டப்பின் பொய், அதைக் கழித்துவிடலாம். ஓ-ரிங் ரப்பரில் கார்பன் டை ஆக்சைடு நன்றாகக் கரையும் என்பதையும் மறக்க வேண்டாம். முடிந்தால் மெட்டல் கேஸ்கெட்டுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் பிளாங்க் ரன்னாவது அதைப் பிடிக்கும்.

பிலிம்ரோல்:

ரொம்ப நன்றி அண்ணா. இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சந்தேகம்: பிலிமைக் கூட்டுவதற்குப் பதில் அழுத்தத்தை 10 அட்மாஸ்பியருக்கு ஏற்றினால் மாற்றமும் 10 மடங்கு ஆகுமே? இன்னொன்று, வால்வை மூடியபிறகு அழுத்தம் இறங்கும் வளைவு எனக்குத் தெரியவே இல்லை. முதல் சில நிமிடம் ஏதோ ஆடுகிறது, அப்புறம் மெதுவாக ஒரே சாய்வில் மணிக்கணக்காக இறங்கிக்கொண்டே இருக்கிறது.

வெற்றிடம்:

ஹென்றி விதி பொருந்துகிற பிலிமில் அழுத்தம் பத்து மடங்கானால் கரைவதும் பத்து மடங்கு, வெளியே நிற்கிற வாயுவும் பத்து மடங்கு. சதவீதம் அதே 0.26தான். சென்சார் முள் அளவுக்கு நல்லது, வெப்பநிலைப் பிழைக்கும் கொள்ளளவுப் பிழைக்கும் ஒரு உதவியும் இல்லை. பிலிமுக்கும் மிச்ச இடத்துக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம்.

வளைவு தெரியாததற்குக் காரணம், பிலிம் அவ்வளவு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. எல்டிபிஇயில் ஆக்சிஜனின் பரவல் கெழு நொடிக்கு 4.6 × 10⁻⁷ சதுர செமீ. 50 மைக்ரான் பிலிமுக்கு இரண்டு பக்கமும் வாயு பட்டால் பாதி நிரம்ப மூன்று நொடி கூட ஆகாது, அரை நிமிடத்தில் 99 சதவீதம். நீங்கள் வால்வை மூடிக் கையை எடுப்பதற்குள் முடிந்துபோன விஷயம். ஆரம்பத்தில் ஆடுவது வாயு விரிந்து பாயும்போது வரும் சூடும் குளிரும். மணிக்கணக்காக இறங்குவது கரைதல் இல்லவே இல்லை, அது லீக் அல்லது அறை வெப்பநிலை நகர்வது. எனவே "இறக்கத்தை" பார்க்காதீர்கள், இருப்புக் கணக்குப் பாருங்கள்: பக்கத்துச் சேம்பரிலிருந்து எத்தனை மோல் கிளம்பியது, பிலிம் சேம்பரில் வாயுவாக எத்தனை மோல் நிற்கிறது, வித்தியாசம் பிலிமுக்குள். அதனால் பக்கத்துச் சேம்பரின் கொள்ளளவையும் அதே துல்லியத்தில் அளந்தாக வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடுக்கு அழுத்தம் ஏற்றும்போது இலட்சிய வாயுச் சமன்பாட்டைப் போட்டுவிடாதீர்கள். 35 டிகிரி, 10 அட்மாஸ்பியரிலேயே அது 4, 5 சதவீதம் விலகும். இரண்டு சேம்பரிலும் அழுத்தம் வேறு வேறு என்பதால் அந்த விலகல் தானாக அடிபட்டும் போகாது.

தராசுத்தட்டு:

எடை முறைக்கு மாறலாமா என்று கேட்டதற்கு என் பதில். நான் மைக்ரோ பேலன்ஸில் வேலை செய்கிறேன், அந்த முறை எனக்குப் பிடிக்கும், ஆனால் எல்டிபிஇயில் ஆக்சிஜனுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1 கிராம் பிலிம் தொங்கவிட்டால் 1 அட்மாஸ்பியரில் கரைகிற ஆக்சிஜனின் எடை சுமார் 75 மைக்ரோகிராம். நல்ல பேலன்ஸ் அதை எளிதாகக் காட்டும். ஆனால் அந்த 1 கிராம் பிலிமின் கன அளவு 1.09 கன செமீ, அவ்வளவு ஆக்சிஜனை அது ஒதுக்கித் தள்ளுகிறது, அதனால் மேல்நோக்கிய மிதப்பு விசை சுமார் 1.4 மில்லிகிராம். கரைந்ததைப் போல இருபது மடங்கு, அதுவும் எதிர்ப்பக்கம். ஆக்சிஜன் உள்ளே விட்டதும் பிலிம் எடை குறைவதாகத்தான் காட்டும். மிதப்பைக் கழிக்க பிலிமின் கன அளவு ஒரு சதவீதம் தவறினால் பதிலில் இருபது சதவீதம் தவறும்.

அதாவது முறையை மாற்றினால் பிரச்சினை தீராது, இடம் மாறும். அங்கே சேம்பர் கொள்ளளவு, இங்கே பிலிம் கொள்ளளவு.

பாலிகார்பனேட்டில் கார்பன் டை ஆக்சைடு வேறு விஷயம். 10 அட்மாஸ்பியரில் கிராமுக்கு 33 மில்லிகிராம் வரை உள்ளே போகிறது, மிதப்பு சுமார் 15தான். அங்கே தராசு அருமையாக வேலை செய்யும். உறிஞ்சும் வேகத்தையும் நேரடியாகப் பார்க்கலாம், ஓ-ரிங் தொல்லையும் கிடையாது. பாலிகார்பனேட் மாதிரிக் கண்ணாடி நிலைப் பாலிமருக்குத் தராசு, பாலித்தீனுக்கு அழுத்த முறை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோவாய்டு:

பாலிகார்பனேட் கோடு வளைவதைப் பற்றி நான் சொல்கிறேன். தயவு செய்து மேலே உள்ள புள்ளிகளை எடுக்காதீர்கள். கைடு சொன்னாலும் எடுக்காதீர்கள், தரவோடு போய்ப் பேசுங்கள். அந்த வளைவுதான் உங்கள் பிலிமைப் பற்றி அதிகம் சொல்கிற விஷயம்.

எல்டிபிஇயின் படிகமாகாத பகுதி அறை வெப்பநிலையில் ரப்பர் நிலையில் இருக்கிறது, சங்கிலிகள் அசைந்துகொண்டே இருக்கின்றன, வாயு ஒரு திரவத்தில் கரைகிற மாதிரியே கரைகிறது. நேர்கோடு வரும். பாலிகார்பனேட் சுமார் 150 டிகிரியிலேயே கண்ணாடி நிலைக்கு உறைந்துவிடுகிறது. உறையும்போது சங்கிலிகள் சரியாக அடங்கி உட்கார நேரம் கிடைப்பதில்லை, உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் மாட்டிக்கொள்கின்றன. வாயு முதலில் போய் அந்த இடங்களில் உட்காருகிறது. அவை நிரம்பும் வரை வேகமாக ஏறும், நிரம்பியபிறகு சாதாரணக் கரைதல் மட்டும் மிஞ்சும். சாதாரணக் கரைதலான ஹென்றி பகுதி ஒன்று, வெற்றிடங்களில் உட்காருகிற லாங்மியூர் பகுதி ஒன்று, இரண்டையும் கூட்டினால் உங்கள் வளைவு. இரட்டை உறிஞ்சல் மாதிரி என்று தேடினால் நிறையக் கிடைக்கும்.

எண்ணோடு பாருங்கள். 1977ல் கோரோஸ், சான், பால் மூவரும் பாலிகார்பனேட்டில் கார்பன் டை ஆக்சைடுக்கு 35 டிகிரியில் கொடுத்த மதிப்புகள்: ஹென்றி மாறிலி சுமார் 0.69, வெற்றிடங்களின் கொள்திறன் 18.8, ஈர்ப்பு மாறிலி 0.26. இதைப் போட்டுக் கணக்கிட்டால் 1 அட்மாஸ்பியரில் 4.6, 10ல் 20, 20ல் 29 கன செமீ சொச்சம், எல்லாம் 1 கன செமீ பாலிமருக்கு. அட்மாஸ்பியருக்கு இவ்வளவு என்று வகுத்தால் 4.6, 2.0, 1.5. எந்த எண்ணைப் போய் "கரைதிறன்" என்று எழுதுவீர்கள்? மூன்றும் சரி, அழுத்தத்தைச் சொன்னால். நீங்கள் கீழ்ப்புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு போட்டு அதை 20 அட்மாஸ்பியருக்கு நீட்டினால் மூன்று மடங்கு தப்பாகும்.

இன்னொரு எச்சரிக்கை. கார்பன் டை ஆக்சைடு பாலிகார்பனேட்டை உப்ப வைக்கும். அதிக அழுத்தம் கொடுத்துவிட்டு இறக்கினால் ஏறின வழியே இறங்காது, மேலேயே நிற்கும். அதனால் ஒரே துண்டில் பல வாயு பார்ப்பதாக இருந்தால் ஹீலியம், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் முதலில், கார்பன் டை ஆக்சைடு கடைசியில். நீங்கள் அதே துண்டில் கார்பன் டை ஆக்சைடை முடித்துவிட்டு அப்புறம் நைட்ரஜன் பார்த்திருந்தால் அந்த நைட்ரஜன் எண்ணை நம்ப வேண்டாம்.

பிலிம்ரோல்:

அக்கா, இதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கைடிடம் போகிறேன். பாலிகார்பனேட்டில் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் பார்த்தேன், நல்லவேளை. வாட்டர் பாத் ஆர்டர் போட்டாயிற்று. அது வருவதற்குள் கையில் இருக்கிற ஊடுருவல் மெஷினிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

டைம்லேக்:

முடியும், ஆனால் உங்கள் மெஷின் முதல் நொடியிலிருந்து தரவைக் கொடுக்க வேண்டும். வெறும் இறுதி எண் மட்டும் காட்டுகிற மெஷின் என்றால் கஷ்டம். பிலிமின் ஒரு பக்கம் வாயுவை விட்டதும் மறுபக்கம் உடனே வராது. முதலில் பிலிம் நிரம்ப வேண்டும், அப்புறம்தான் சீராக வரும். சீரான கோட்டைப் பின்னால் நீட்டி நேர அச்சில் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் அதுதான் தாமத நேரம். தடிமனின் வர்க்கத்தை அந்த நேரத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் பரவல் கெழு. 1920ல் டெய்ன்ஸ் ஆரம்பித்தது, 1939ல் பேரர் இதை முறையாக நிறுவினார். ஊடுருவுதிறனை அந்தப் பரவல் கெழுவால் வகுத்தால் கரைதிறன் வந்துவிடும், சேம்பர் கொள்ளளவு தகராறெல்லாம் இல்லாமல்.

உங்கள் 50 மைக்ரான் பிலிமில் இது நடக்காது. தாமதம் வெறும் 9 நொடி, மெஷினின் சொந்தத் தாமதமே அதற்கு மேல் இருக்கும். அதே ரெசினில் 250 மைக்ரான் ஷீட் அழுத்திக்கொள்ளுங்கள். தடிமன் ஐந்து மடங்கு, நேரம் இருபத்தைந்து மடங்கு, கிட்டத்தட்ட நாலு நிமிடம். அதை நன்றாக அளக்கலாம். தடிமனை ஒரே இடத்தில் பார்க்காமல் பல இடத்தில் மைக்ரோமீட்டர் வையுங்கள், வர்க்கம் வருவதால் 3 சதவீதப் பிழை 6 ஆகும்.

பாலிகார்பனேட்டுக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மைக்ரோவாய்டு சொன்ன வெற்றிடங்கள் நிரம்பும் நேரமும் தாமதத்தில் சேர்ந்துகொள்ளும், அழுத்தத்துக்கு அழுத்தம் வேறு பரவல் கெழு வரும்.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு, கரைகிறதா நகர்கிறதா என்பதற்கு, எல்டிபிஇ ஒரு அழகான பதில் வைத்திருக்கிறது. 25 டிகிரியில் கரைதிறன் நைட்ரஜனுக்கு 0.023, ஆக்சிஜனுக்கு 0.048, கார்பன் டை ஆக்சைடுக்கு 0.258. பரவல் கெழு இதே வரிசையில் 3.2, 4.6, 3.7, எல்லாம் × 10⁻⁷. கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனை விட மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனாலும் நாலு மடங்குக்கு மேல் அதிகமாக வெளியே போகிறது. முழுக்க முழுக்க கரைதிறன். எளிதில் திரவமாகக் கூடிய வாயு அதிகம் கரையும்: நைட்ரஜனின் மாறுநிலை வெப்பநிலை (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) 126 கெல்வின், ஆக்சிஜன் 155, கார்பன் டை ஆக்சைடு 304. ஹீலியம் வெறும் 5, அதனால்தான் கொள்ளளவு அளக்க அதை நம்பி விடுகிறோம். காய்கறிப் பையில் கார்பன் டை ஆக்சைடு சேராமல் ஆக்சிஜனை விட வேகமாக வெளியேறுவதற்கு இதுதான் காரணம், உங்கள் ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படும்.

பிலிம்ரோல்:

வாட்டர் பாத் வந்துவிட்டது. வலையோடு சுருட்டிய 10 கன செமீ பிலிம், அலுமினியத் தாள் பிளாங்க் ரன் கழித்து, ஆக்சிஜனுக்கு இப்போது மைனஸ் வருவதே இல்லை. மறுபடி மறுபடி ஓட்டினாலும் எண் 0.043 பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் 0.048 வரவில்லை. இன்னும் எங்கேயோ பிழை இருக்கிறதா?

வெற்றிடம்:

பிழை என்று முடிவு கட்டாதீர்கள், பிலிமின் அடர்த்தியை அளந்தீர்களா? அந்த 0.048 என்பது கன செமீக்கு 0.914 கிராம் அடர்த்தி உள்ள பாலித்தீனுக்கு. வாயு படிகப் பகுதிக்குள் போவதில்லை, படிகமாகாத பகுதியில் மட்டும்தான் கரையும். உங்கள் பிலிம் 0.92க்கு மேல் இருந்தால் படிகம் அதிகம், கரைய இடம் குறைவு, எண் இறங்கத்தான் வேண்டும். டிஎஸ்சியில் (உருகும்போது உள்வாங்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) ஒரு துண்டு போட்டு படிக விகிதத்தை எடுங்கள், கரைதிறனைப் படிகமாகாத பங்கால் வகுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்ட வந்துவிட்டால் செட்டப் சரி, கார்பன் டை ஆக்சைடுக்குப் போகலாம். ஆய்வறிக்கையில் கரைதிறன் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் வெப்பநிலை, அழுத்தம், பிலிம் அடர்த்தி மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள், பின்னால் வருகிற ஆள் ஒப்பிட வேண்டும்.